பேஸ்போல் நடுவர் பந்துக் கணக்கைக் கைவிடாமல் வைத்திருக்க

வெள்ளவத்தைப் பக்கத்துக் கிரிக்கெட் நடுவர்களுக்குப் பந்து எண்ண ஆறு கூழாங்கற்கள் போதும். ஒரு காற்சட்டைப் பையிலிருந்து மற்றதற்கு மாற்றிக்கொண்டே போகலாம். தியகம மைதானத்தில் பேஸ்போலுக்கு நிற்பவர்கள் அந்தக் கற்களை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். இங்கே 'போல்' (எல்லைக்கு வெளியே வந்து மட்டையாளர் அடிக்காமல் விட்ட பந்து), 'ஸ்ட்ரைக்' (அவர் வீசித் தவறவிட்ட அல்லது அடிக்காமல் விட்ட சரியான பந்து), 'அவுட்' என்று மூன்று கணக்குகள் சேர்ந்தே ஓடும்.

அதற்கென்றே உள்ளங்கைக்குள் அடங்கும் 'இண்டிகேட்டர்' இருக்கிறது, பல் வைத்த சில்லுகளைத் திருப்பி எண்ணும் சிறு கருவி. இடது கையில் பிடியுங்கள். வலது கை சைகைக்கு வேண்டும். முதலில் தீர்ப்பு, பிறகுதான் சில்லைத் திருப்புவது. குனிந்து பார்க்காமல் பெருவிரலாலேயே பல்லை உணர்ந்து திருப்ப வேண்டும். காலிமுகத்திடலில் நடக்கும்போது பழகுங்கள், யாரும் கவனிக்கமாட்டார்கள்.

குழப்பமெல்லாம் 'ஃபவுல்' பந்தில்தான், அதாவது மட்டையில் பட்டு ஆட்டக் கோட்டுக்கு வெளியே போகும் பந்தில். முதல் இரண்டு ஸ்ட்ரைக் வரை அதுவும் ஸ்ட்ரைக்கே. இரண்டு விழுந்த பிறகு சில்லைத் தொடாதீர்கள். ஆனால் 'பன்ட்' (மட்டையை வீசாமல் பந்தை மெல்லத் தட்டுவது) முயற்சியில் ஃபவுல் போனாலோ, மட்டையில் உரசி நேரே வந்த பந்தை மட்டையாளருக்குப் பின்னால் இருக்கும் கேட்சர் பிடித்துவிட்டாலோ அது மூன்றாவது ஸ்ட்ரைக்.

அடிக்கடி கணக்கை உரக்கச் சொல்லி விரல்களாலும் காட்டுங்கள்: இடது விரல்களில் போல், வலது விரல்களில் ஸ்ட்ரைக், போல் எண்ணிக்கையே முதலில். சந்தேகம் வந்தால் அடுத்த பந்துக்கு முன்பே பேஸ் பக்கம் நிற்கும் சக நடுவரிடம் கேளுங்கள். கௌரவம் பார்க்க வேண்டாம்.

வீச்சாளர் மொத்தம் எத்தனை பந்து வீசினார் என்பது வேறு விஷயம். சிறுவர் பேஸ்போல் அமைப்பான லிட்டில் லீக்கில் 11, 12 வயதினருக்கு நாளுக்கு 85 பந்துகளே. அந்தப் பட்டியல் ஸ்கோரரிடம் இருக்கும். பயிற்றுநர் கேட்டால் அங்கே அனுப்பிவிடுங்கள்.