ஃபயர்வாலில் ஸ்பாம் வடிகட்டி போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்பாம் தொல்லை தாங்காமல், நெட்வொர்க்கின் வாசலில் நிற்கும் ஃபயர்வாலில் வடிகட்டியைப் போடுகிறவர்கள், குப்பை எவ்வளவு குறைந்தது என்று மட்டுமே பார்க்கிறார்கள். வர வேண்டிய மெயில் ஏதாவது நின்றுபோனதா என்று பார்ப்பதில்லை. வராத மெயிலைப் பற்றிப் புகாரும் வராது; அப்படி ஒன்று அனுப்பப்பட்டதே பலருக்குத் தெரியாது.

முதலில் மெயில் சர்வரின் லாகைத் திறந்து பாருங்கள். வெளியிலிருந்து வந்த எல்லா மெயிலும் 192.168.1.1 போன்ற ஒரே உள் முகவரியிலிருந்து வந்ததாகப் பதிவாகியிருக்கிறதா? அப்படியானால் மற்ற எதையும் தொடுவதற்கு முன் இதைச் சரிசெய்ய வேண்டும். மெயில் சர்வர்கள் ஒன்றுக்கொன்று மெயில் கொடுக்கும் 25ஆம் போர்ட்டுக்கு வரும் இணைப்பை உள்ளே அனுப்பும்போது, அனுப்பியவரின் ஐபியை அழித்துவிட்டு ஃபயர்வால் தன் ஐபியைப் போட்டுவிடுகிறது. இதனால், அந்த டொமைன் பெயரில் அனுப்ப இந்த ஐபிக்கு அனுமதி உண்டா என்று சர்வர் பார்க்கும் எஸ்பிஎஃப் சோதனை நல்ல மெயிலுக்கும் தோற்கும். ஸ்பாம் அனுப்பும் ஐபிகளின் கருப்புப் பட்டியலில் தேட ஐபியே இருக்காது. இதைவிடப் பெரிய ஆபத்து வேறு. போஸ்ட்ஃபிக்ஸ் போன்ற மெயில் சர்வர்களில் உள் நெட்வொர்க்கை நம்பகமானது என்று குறித்து வைத்திருப்போம். இப்போது உலகத்தில் யார் வந்தாலும் உள்ளே இருக்கும் ஆளாகவே தெரிவார். பாஸ்வேர்டு இல்லாமலே உங்கள் சர்வர் வழியாக யாருக்கு வேண்டுமானாலும் ஸ்பாம் அனுப்பலாம். அப்புறம் கருப்புப் பட்டியலில் ஏறப்போவது உங்கள் ஐபிதான்.

இணைப்பை உள்ளே அனுப்பும் ஃபயர்வால் ரூலில் சேருமிட முகவரியை மட்டும் மாற்றுங்கள், மூல முகவரியைத் தொடாதீர்கள். ஃபயர்வாலே இடையில் நின்று மெயிலை வாங்கித்தான் கொடுக்கும் என்றால், எஸ்பிஎஃப், கருப்புப் பட்டியல் இரண்டையும் ஃபயர்வாலிலேயே சோதியுங்கள். அதன் ஐபியை நம்பகமான பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.

கருப்புப் பட்டியலிலும் ஒரு பொறி உண்டு. பெயருக்கு ஐபி சொல்லும் டிஎன்எஸ் வழியாகத்தான் அந்தப் பட்டியலைக் கேட்கிறோம். ஃபயர்வாலின் டிஎன்எஸ்ஸாக கூகுளின் 8.8.8.8 இருந்தால், பொது டிஎன்எஸ் வழியாக வரும் கேள்விக்கு, கருப்புப் பட்டியல் நடத்தும் ஸ்பாம்ஹாஸ் பதில் தர மறுக்கும். 127.255.255.254 என்று திருப்பிச் சொல்லும். ‘கேட்ட வழி தவறு’ என்பதுதான் அதற்கு அர்த்தம். எந்தப் பதில் வந்தாலும் ஸ்பாம் என்று எடுத்துக்கொள்ளும் வடிகட்டியாக இருந்தால், ஒரு மெயிலும் உள்ளே வராது. நேரடியாகக் கேட்கும் சொந்த ரிசால்வர் (டிஎன்எஸ் விடை தேடும் சர்வர்) ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு பிறகு மறுப்பது. இல்லாத பெயருக்கு வந்த மெயிலை ஃபயர்வால் வாங்கிக்கொள்கிறது. உள்ளே இருக்கும் சர்வர் மறுக்கிறது. உடனே ஃபயர்வால் ‘போய்ச் சேரவில்லை’ என்று ஒரு பவுன்ஸ் எழுதி, அனுப்பியதாகச் சொல்லப்பட்டவருக்கு அனுப்புகிறது. ஸ்பாமில் அந்த முகவரி பெரும்பாலும் போலி. சம்பந்தமே இல்லாத ஒருவர் தலையில் உங்கள் குப்பை போய் விழுகிறது. பெறுநர் இருக்கிறாரா என்பதை வாசலிலேயே சோதித்து, இல்லையென்றால் 550 என்ற மறுப்புக் குறியீட்டைச் சொல்லி மறுத்துவிடுங்கள்.

சத்தமில்லாமல் அழிப்பதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன். 550 போனால், தவறாக மாட்டிய நல்ல மனிதருக்குத் தன் மெயில் சேரவில்லை என்றாவது தெரியும். மெயிலுக்கு மதிப்பெண் போட்டு ஸ்பாமைக் கண்டுபிடிக்கும் ஸ்பாம்அசாசினில் 5 மதிப்பெண் வந்தாலே ஸ்பாம் என்று குறிக்கும். அந்த அளவிலேயே மறுக்க வேண்டாம், ஜங்க் ஃபோல்டருக்குத் தள்ளினால் போதும். முதல் இரண்டு வாரம் எதையும் மறுக்காமல் ஸ்பாம் என்ற குறி மட்டும் போட்டுப் பாருங்கள்.

சொந்த டொமைனை வெள்ளைப் பட்டியலில் சேர்க்காதீர்கள். ஸ்பாம்காரர்கள் முதலில் போட்டுக்கொள்ளும் வேஷம் அதுதான். இரண்டாவது எம்எக்ஸ் (டொமைனுக்கு வரும் மெயிலை வாங்கும் சர்வர்) இருந்தால் அதற்கும் இதே வடிகட்டி வேண்டும். 587ஆம் போர்ட்டில் லாகின் செய்து அனுப்பும் உங்கள் ஆட்களைக் கருப்புப் பட்டியலில் சோதிக்க வேண்டாம், வீட்டு இணைப்புகளின் ஐபிகள் பல அதில் இருக்கும். மெயில் சர்வரைத் தவிர வேறு எந்தக் கணினியும் 25ஆம் போர்ட்டில் வெளியே போகக்கூடாது.

எல்லாம் முடிந்ததும், வெளியில் இருக்கும் வேறொரு சர்வரிலிருந்து டெல்நெட் கட்டளையில் 25ஆம் போர்ட்டைத் தட்டிப் பாருங்கள். சர்வர் வரவேற்கும் 220க்குப் பின்னால் சர்வர் பெயருக்குப் பதில் வரிசையாக நட்சத்திரக் குறிகள் வந்தால், ஃபயர்வாலின் எஸ்எம்டிபி (மெயில் பரிமாற்ற முறை) ஆய்வு இடையில் புகுந்து மாற்றுகிறது. அது குறியாக்கத்தைத் தொடங்கும் ஸ்டார்ட்டிஎல்எஸ் கட்டளையையும் மறைத்து, மெயிலைக் குறியாக்கம் இல்லாமல் வர வைக்கும். அதை அணைத்துவிட்டு, இல்லாத ஒரு பெயருக்கு மெயில் கொடுத்துப் பாருங்கள். 550 அங்கேயே வர வேண்டும், லாகில் அந்த வெளிச் சர்வரின் ஐபியே இருக்க வேண்டும்.