சிறுபடம் தயாரிக்கும் நிரல் மெதுவாக ஓடுகிறதா?

பைத்தானில் பில்லோ என்ற பட நூலகம் கொண்டு ஜேபெக் படங்களைச் சுருக்குகிறீர்களா? அளவை மாற்றும் ரீசைஸ் வரிதான் நேரத்தைத் தின்பதுபோலத் தெரியும். நம்பாதீர்கள், எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் போகிறது என்று காட்டும் சி-ப்ரொஃபைல் (cProfile) கருவியை முதலில் ஓட்டிப் பாருங்கள். ஓப்பன் கொடுத்தவுடன் பில்லோ படத்தை முழுதாகப் படிப்பதில்லை. ரீசைஸ் கேட்கும்போதுதான் படிக்கும். அதனால் டீகோட் செய்யும், அதாவது சுருக்கிய கோப்பைப் படமாக விரிக்கும், நேரமும் அந்த வரியின் கணக்கில் விழுகிறது. 4000×3000 வண்ணப்படம் நினைவகத்தில் விரிந்தால் 3.6 கோடி பைட்! 400×300 சிறுபடத்துக்கு அத்தனையும் எதற்கு?

படத்தைத் திறந்த கையோடு டிராஃப்ட் (draft) என்ற பில்லோ செயற்கூற்றை அழைத்து 400×300 கேளுங்கள். ஜேபெக் 8×8 கட்டங்களாகச் சேமிக்கப்படுவதால், டீகோடரே 500×375 அளவில் படித்துத் தந்துவிடும். பிறகு ரீசைஸ் செய்யுங்கள், வேகம் கண்கூடாகத் தெரியும். ரீசைஸுக்குப் பதில் பில்லோவின் தம்ப்நெயில் (thumbnail) செயற்கூற்றைப் பயன்படுத்தினால் டிராஃப்டைத் தனியாக அழைக்க வேண்டியதில்லை, அதுவே பார்த்துக்கொள்ளும். பிஎன்ஜி போன்ற படங்களுக்கு இந்த வழி பலிக்காது.