வெளிநாட்டுப் பண்ணையில் தொண்டு செய்யப் போகிறீர்களா? முதலில் விசாவைப் பாருங்கள்

விடுமுறையில் வெளிநாட்டு இயற்கை விவசாயப் பண்ணைக்குத் தொண்டு செய்யப் போகும் மாணவர்கள் விமான டிக்கெட் போடும் முன் விசா விதியைப் படித்துவிடுங்கள். தொண்டர்களை இயற்கைப் பண்ணைகளோடு இணைத்துவிடும் ‘வூஃப்’ (WWOOF, 1971-ல் இங்கிலாந்தில் தொடங்கியது) போன்ற அமைப்புகள் வழியாகப் போனால், பெரும்பாலும் நாளுக்கு 4 முதல் 6 மணி நேரம் வேலை இருக்கும். பதிலுக்குச் சாப்பாடும் தங்க இடமும் கிடைக்கும். காசு கைமாறவில்லையே, சுற்றுலா விசா போதும் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். நியூசிலாந்தில் இப்படிச் சாப்பாட்டுக்கும் தங்குமிடத்துக்கும் ஈடாகச் செய்வதும் வேலைதான்; வேலை செய்ய அனுமதிக்கும் விசா வேண்டும். நாட்டுக்கு நாடு விதி மாறும் என்பதால் பண்ணைக்காரர் சொல்வதை மட்டும் நம்பாமல், அந்த நாட்டுக் குடியேற்றத் துறையின் இணையதளத்தை நீங்களே பாருங்கள். ஆசையாகப் போய் இறங்கியவரை விமான நிலையத்திலிருந்தே திருப்பி அனுப்பினால் மனசு உடைந்துபோகும்.

அடுத்தது பூட்ஸ். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து போவதென்றால் அதில் மண்ணோ விதையோ ஒட்டியிருக்கக் கூடாது. பழைய டூத் பிரஷ்ஷால் அடிப்பகுதிப் பள்ளங்களைத் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காயவைத்து எடுத்துப் போங்கள். பண்ணையில் போட்ட காலணி என்றால் வருகைப் படிவத்திலும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

டெட்டனஸ் ஊசி போட்டு 10 ஆண்டு தாண்டியிருந்தால் டாக்டரைப் பாருங்கள். பயணக் காப்பீடு பண்ணை வேலையில் படும் காயத்துக்கும் செல்லுமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வார விடுப்பு எத்தனை நாள், அறை தனியா பகிர்வா என்பதையும் பண்ணைக்காரரிடம் முன்பே பேசிவிடுங்கள்.