கலர் போட்ட சமையலறை பத்து வருஷம் கழித்தும் அலுக்காமல் இருக்க

மாடுலர் கிச்சன் போடப் போகிறவர்களுக்கு எல்லோரும் சொல்லும் முதல் அறிவுரை, "வெள்ளையோ க்ரேயோ போட்டுடுங்க, அதுதான் சேஃப், கலர் போட்டா நாலு வருஷத்துல அலுத்துடும்" என்பது. இதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். காரைக்குடிப் பக்கத்துப் பழைய வீடுகளில் பச்சையும் காவியும் மஞ்சளுமாகத் தரை கிடக்கிறது, அதைப் பார்த்து யாரும் பழைய ஃபேஷன் என்று சொல்வதில்லை, சொல்லப்போனால் அதே மாதிரி வேண்டும் என்று கேட்டு வாங்குகிறார்கள். ஆனால் 2010 வாக்கில் போட்ட பளபள ஒயின் கலர் ஷட்டரை, அதாவது அலமாரிக் கதவைப் பார்த்தால் எந்த வருஷத்து கிச்சன் என்றே சொல்லிவிடலாம். இரண்டும் கலர்தான். ஒன்று நிற்கிறது, இன்னொன்று நிற்கவில்லை. ஏன் என்று புரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

நான் பார்த்த வரையில் காரணம் இதுதான்: நிறம் பொருளோடு கலந்திருந்தால் அது தேயத் தேய அழகாகும், மேலே ஒட்டிய படலமாக இருந்தால் ஒரு கீறல் விழுந்த அன்றே பழசாகிவிடும். காவித் தரையில் இருப்பது இரும்பு ஆக்சைடு, வெயிலுக்கு வெளுக்காத நிறமி. துடைக்கத் துடைக்க அதன் ஆழம் கூடும். கிரானைட், கடப்பா கல், பித்தளை, தேக்கு எல்லாமே இந்த வகை. படலமாக ஒட்டுவதில் இன்னொரு வம்பு, அதில் படம் போட முடியும். தொண்ணூறுகளில் அடுப்புக்குப் பின்னால் நாலு வெள்ளை டைலுக்கு நடுவே ஒரு திராட்சைக் குலை, ஒரு பழக்கூடை, ஆவி பறக்கும் காப்பிக் கோப்பை வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? அப்புறம் பின்பக்கம் பெயின்ட் அடித்த கண்ணாடியில் ஆர்க்கிட் பூ வந்தது. இப்போது மார்பிள் மாதிரியே அச்சடித்த டைலும் வரிவரியான பேனலும் வந்திருக்கின்றன. ஆகவே முதல் விதி: படம் அச்சடித்த எதையும், வேறொரு பொருள் மாதிரி நடிக்கும் எதையும், சிமெண்ட் வைத்துச் சுவரில் ஒட்டாதீர்கள். ஆசையாக இருந்தால் காலண்டராக மாட்டுங்கள், கழற்றிவிடலாம்.

கேட்டலாக்கைப் பார்க்கும் முன் உங்கள் பாத்திரங்களை எடுத்துத் தரையில் பரப்புங்கள், உண்மையாகவே சொல்கிறேன். பாட்டியின் பித்தளை அண்டா, செம்புக் குடம், ஊறுகாய் போடும் பழுப்பும் வெள்ளையுமான பீங்கான் ஜாடி, அஞ்சறைப் பெட்டி, மரக் கரண்டிகள், மற்றதெல்லாம் எவர்சில்வர். இவற்றோடு எந்த நிறம் ஒத்துப்போகிறதோ அதுதான் உங்கள் சமையலறையின் நிறம். பித்தளைக்குப் பின்னால் பாட்டில் பச்சையும் ஆழ்ந்த நீலமும் பிரமாதமாக எடுக்கும். எவர்சில்வர் அதிகம் இருக்கும் வீட்டில் மாம்பழ மஞ்சளோ காவியோ இல்லாவிட்டால் அறை ஆஸ்பத்திரி மாதிரி சில்லென்று ஆகிவிடும். அப்படியே உயரமான பாத்திரம் எது, இட்லிக் குண்டான் எவ்வளவு அகலம், கிரைண்டர் எங்கே நிற்கும் என்று அளந்து எழுதிக்கொள்ளுங்கள், அந்த அளவுக்குத் தட்டு வைக்கச் சொல்லுங்கள். நம் பாத்திரத்துக்கென்று அளந்து செய்த ஒரு அலமாரி தரும் தனித்தன்மையை எந்த டிசைனராலும் கடையில் வாங்கித் தர முடியாது.

அமெரிக்கச் சமையல்காரர் ஜூலியா சைல்டின் சமையலறை இதற்கு நல்ல சாட்சி. 1961இல் அவர் கணவர் பால் திட்டம் போட்டுச் செய்தது. நீலமும் பச்சையும் கலந்த ஷட்டர்கள், சுவரில் துளைப் பலகை, அதில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் அதன் வெளிக்கோடு வரைந்து எது எங்கே தொங்க வேண்டும் என்று குறித்திருக்கிறார். ஜூலியா ஆறடிக்கு மேல் உயரம் என்பதால் மேடையையும் வழக்கத்தைவிட உயர்த்தி 38 அங்குலமாக வைத்தார்கள். 2001இல் அந்தச் சமையலறையை அப்படியே கழற்றிக்கொண்டுபோய் வாஷிங்டன் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் வைத்துவிட்டார்கள். இன்று பார்த்தாலும் நாளைக்கே அதில் சமைக்கலாம் போலத்தான் இருக்கிறது. நம் ஊரிலும் மேடை உயரத்தை கான்ட்ராக்டர் விருப்பத்துக்கு விடாதீர்கள். சமைப்பவர் முழங்கையை மடக்கி நின்று, அதற்கு நாலு முதல் ஆறு அங்குலம் கீழே அளந்தால் அதுதான் அவருக்கான மேடை.

அடுத்தது வெளிச்சம். கலர் தப்பாகப் போவது பெரும்பாலும் இங்கேதான். அக்னி மூலையில், அதாவது தென்கிழக்கில், கிழக்கு ஜன்னலோடு சமையலறை இருந்தால் காலை வெயில் நேரே உள்ளே வரும், மஞ்சளும் காவியும் அதில் கொஞ்சம் கூடவே கொதிக்கும், அங்கே பச்சையும் நீலமும் இதம். வடமேற்கில் இருந்தால் மாலை வெயில். ஃபிளாட்டில் ஜன்னல் பல சமயம் யூடிலிட்டி பக்கமோ டக்ட் பக்கமோ இருக்கும், பட்டப்பகலிலும் லைட் போட்டாக வேண்டும், அப்படியானால் அந்த லைட்தான் உங்கள் சூரியன். நாம் வழக்கமாகப் போடும் வெள்ளை ட்யூப்லைட், வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவில் 6500 கெல்வின், அதில் காவி சேறு மாதிரி தெரியும், மஞ்சளில் பச்சை தட்டும். 3000 கெல்வின் மஞ்சள் வெளிச்சத்தில் நீலம் செத்துப்போகும். சமையலறைக்கு 4000 கெல்வின் போடுங்கள், கிடைத்தால் சிஆர்ஐ (நிறத்தை உள்ளபடி காட்டும் அளவு) 90க்கு மேல் என்று பெட்டியில் போட்டிருப்பதாக வாங்குங்கள். கீரை கீரை நிறத்திலும் மிளகாய்த்தூள் மிளகாய்த்தூள் நிறத்திலும் தெரியும்.

கலரைக் கடையில் விரல் அகல அட்டையைப் பார்த்து முடிவு செய்யவே கூடாது. பெயின்டாக இருந்தால் சின்ன டப்பா வாங்கி முழு சார்ட் பேப்பரில் இரண்டு கோட் அடித்து, ஷட்டர் வரப்போகும் இடத்தில் நிமிர்த்தி வையுங்கள். மைக்கா என்றால் கையகல சாம்பிள் போதாது, நாலைந்தைக் கேட்டு வாங்கி ஒன்றாகச் சேர்த்து வையுங்கள். காலை ஏழு மணிக்கும், மத்தியானமும், ராத்திரி லைட் போட்டும் பாருங்கள். ஒரு வாரம் கண்ணில் படட்டும். முதல் நாள் "அடடா" என்று இருந்தது ஏழாம் நாள் உறுத்தினால் விட்டுவிடலாம், நஷ்டம் ஒரு டப்பா பெயின்ட்தான்.

எந்த நிறம் எவ்வளவு என்ற கேள்விக்கு நம்மிடம் ஏற்கெனவே பதில் இருக்கிறது. காஞ்சிபுரம் பட்டுச் சேலையை எடுத்துப் பாருங்கள்: உடல் ஒரு நிறம், கரை அதற்கு எதிர் நிறம், ஜரிகை கொஞ்சமே கொஞ்சம். அரக்கு உடலுக்குப் பச்சைக் கரை, மயில் நீலத்துக்கு வாடாமல்லி. இவ்வளவு துணிச்சலான சேர்க்கை தலைமுறை கடந்தும் நிற்பதற்குக் காரணம் அளவு. சமையலறையிலும் அப்படியே. கீழ் ஷட்டர்களோ தரையோ, ஏதாவது ஒன்று உடல். இன்னொரு நிறம் கரை மாதிரி ஒரு சுவரிலோ ஜன்னலிலோ. ஜரிகை இடத்தில் பித்தளைக் குமிழ்கள். இரண்டு நிறம் முழு உரிமையோடு இருக்கட்டும், மற்றதெல்லாம் கல்லும் மரமும் சுண்ணாம்பு வெள்ளையுமாக அடங்கி இருக்கட்டும். மேல் ஷட்டருக்கும் லாஃப்ட்டுக்கும் சுவர் நிறத்தையே அடித்துவிட்டால் தலைக்கு மேல் பாரம் இல்லாமல் இருக்கும், எட்டுக்குப் பத்து அடி அறைக்கு இது ரொம்ப முக்கியம்.

தரை பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்ல ஆசை, ஏனென்றால் சமையலறைக்குக் கலர் கொண்டுவர மிக நல்ல இடம் அதுதான். சிவகங்கை மாவட்டம் ஆத்தங்குடியில் டைல் செய்வதை ஒரு தடவை போய்ப் பாருங்கள். கண்ணாடித் தகட்டின் மேல் இரும்புச் சட்டம், அதற்குள் பூ டிசைனுக்கான தகட்டு அச்சு. சிமெண்டில் ஆக்சைடு கலந்த கூழை ஒவ்வொரு இதழுக்கும் ஒரு சின்னக் கரண்டியால் ஊற்றுகிறார்கள். கை நடுங்காமல் அச்சைத் தூக்கியதும் நிறங்கள் ஒன்றையொன்று லேசாகத் தொட்டு நிற்கின்றன, ஓரம் அங்கங்கே ஒரு மயிரிழை பிசகும், அந்தப் பிசகுதான் அந்த டைலுக்கு உயிர். அதன்மேல் உலர்ந்த சிமெண்ட் மணல் தூவி, ஈரக் கலவையை அப்பி மட்டம் தட்டி, காய்ந்தபின் தண்ணீர்த் தொட்டியில் நாள்கணக்கில் ஊறப்போடுகிறார்கள். சூளையே கிடையாது. கடைசியில் கண்ணாடியைக் கழற்றினால் அந்த வழுவழுப்பு வந்துவிடுகிறது.

ஆனால் சிமெண்ட் டைல் எண்ணெயைக் குடிக்கும், புளியும் எலுமிச்சையும் அதை அரிக்கும். அதனால் அடுப்புக்குப் பின் சுவரில் ஆத்தங்குடி ஒட்ட நான் சொல்லவே மாட்டேன். தரையில் போடுங்கள், போட்டதும் சீலர் (எண்ணெய் இறங்காமல் தடுக்கும் பூச்சு) அடியுங்கள், ஆசிட் ஊற்றிக் கழுவாதீர்கள், வேலைக்கு வருகிறவரிடமும் இதைச் சொல்லிவையுங்கள். தடிமனும் சாதா டைலைவிட அதிகம், பழைய தரைமேலேயே போட்டால் வாசப்படி இடிக்கும், கதவின் அடியைச் சீவ வேண்டிவரும். இன்னொன்று, ஆத்தங்குடித் தரை, மரத்தூண், ஊஞ்சல் பலகை, தொங்கும் விளக்கு என்று எல்லாவற்றையும் ஒரே சமையலறைக்குள் அடைத்தால் அது செட்டிநாட்டு ஓட்டலாகிவிடும். ஒன்றே ஒன்று போதும். பட்ஜெட் குறைவு என்றால் ரெட் ஆக்சைடு தரை போடலாம், ஆனால் கை தேர்ந்த கொத்தனார் கிடைத்தால் மட்டும். அரைகுறையாகத் தெரிந்தவர் கையில் கொடுத்தால் வெடிப்பு விடும், பிறகு ஒட்டுப்போட்டால் நிறம் சேராது.

அடுப்படிச் சுவருக்கு, நம் கொத்தனார்கள் டாடோ என்பார்களே, அதற்கு ஒரே நிறத்தில் பளபளப்பான சின்ன செராமிக் டைல் போதும். ஃபிரான்ஸில் ஜிவேர்னியில் ஓவியர் மோனேயின் வீட்டுச் சமையலறைச் சுவர் முழுக்க நீலமும் வெள்ளையுமான ரூவான் நகர டைல்கள், அதன்மேல் செம்புப் பாத்திரங்கள் வரிசையாகத் தொங்கும், பக்கத்துச் சாப்பாட்டு அறை முழு மஞ்சள். மஞ்சள் அறையிலிருந்து பார்த்தால் நீல அறை தெரிகிற மாதிரி யோசித்திருக்கிறார். ஓப்பன் கிச்சன் வைத்திருப்பவர்கள் இதைத்தான் கவனிக்க வேண்டும்: ஹால் சோபாவில் உட்கார்ந்து பார்க்கும்போது இரண்டு நிறமும் சேர்ந்து என்ன சொல்கின்றன என்று. டாடோ டைலுக்கு நடுவே வெள்ளைச் சிமெண்ட் மட்டும் வேண்டாம். அதில் பிடிக்கும் மஞ்சள்தூள் கறை வெயில் பட்டால்தான் வெளுக்கும், அடுப்படிச் சுவருக்கு வெயில் எங்கே வரப்போகிறது? டைல் இடுக்கை நிரப்பும் கிரவுட்டாகச் சாம்பல் நிற எபாக்ஸி (பிசின் வகை) போடச் சொல்லுங்கள், செலவு கூடினாலும் சரி.

மேடைக்குக் கறுப்பு கிரானைட்டைத் தாண்டி நான் யோசிக்கவே மாட்டேன். எத்தனையோ வருஷமாக நம் வீடுகளில் இருக்கிறது, எந்த நிறத்தோடும் சண்டை போடாது, சூடான குக்கரை அப்படியே இறக்கலாம். வெள்ளை குவார்ட்ஸ் கல்லில் ரெசின் (பிசின்) கலந்திருப்பதால் சூட்டுக்கும் பயப்பட வேண்டும், மஞ்சளுக்கும் பயப்பட வேண்டும். தாளித்துச் சமைக்கிறவர்களுக்கு அது எதற்கு?

ஷட்டருக்கு வந்தால் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள்: எட்டு வருஷம் கழித்து ஒரு ஷட்டர் மட்டும் ஊறி உப்பினால் அதே நிறம் கிடைக்குமா? பளபள அக்ரிலிக்கிலும் மைக்காவிலும் கேட்டலாக் மாறிக்கொண்டே இருக்கும், கிடைக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். பெயின்ட் அடித்த மர ஷட்டர் என்றால் ஷேட் நம்பரைச் சொல்லி எப்போது வேண்டுமானாலும் கலந்து வாங்கலாம், கலர் அலுத்தாலும் தேய்த்துவிட்டு வேறு அடிக்கலாம். மைக்காதான் கட்டுப்படியாகும் என்றால் பளபளப்பு இல்லாத மேட் வகையில் போடுங்கள், விரல் தடமும் கீறலும் அவ்வளவாகத் தெரியாது, எட்டுக்கு நாலு ஷீட் ஒன்றைக் கூடுதலாக வாங்கிக் கட்டிலுக்கு அடியில் போட்டுவையுங்கள். உள்ளே பிளைவுட் 710 கிரேடாக, அதாவது தண்ணீர் தாங்கும் வகையாக இருக்கட்டும், சிங்க்குக்குக் கீழே கண்டிப்பாக. பெட்டியே ஊறிப்போனால் மேலே எந்தக் கலர் போட்டு என்ன?

கைப்பிடி இல்லாத ஷட்டர் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து, கைப்பிடிக்குப் பதில் விரல் நுழைக்க விடும் பள்ளத்தில் மாவும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து பல் துலக்கும் பிரஷ் வைத்துத் தேய்க்க வேண்டிவரும். நீளக் கைப்பிடி வைத்தால் துளைகளுக்கு இடையே 96 அல்லது 128 மில்லிமீட்டர் இருக்கும்படி பார்த்து வாங்குங்கள், இவை சாதாரணமாகக் கிடைக்கும் அளவுகள், பின்னால் கைப்பிடியை மட்டும் மாற்றினாலே ஷட்டர் புதுசு மாதிரி ஆகும்.

துணிச்சலான நிறம் ஒன்றின்மேல் கண் வைத்துவிட்டு, போடலாமா வேண்டாமா என்று மனசு ஊசலாடினால் ஜன்னல் கம்பிக்கு அடியுங்கள். ஒரு லிட்டர் எனாமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை. வெள்ளைச் சுவரில் மயில் நீலக் கம்பி, வெளியே ஒரு கறிவேப்பிலைச் செடி, அதுவே போதும் அறை மாறிவிட. வாடகை வீட்டுக்காரர்களுக்கும் இதே வழிதான், ஓனரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு. அடுப்பு பக்கம் ஸ்டிக்கர் ஒட்டுவதை மட்டும் விட்டுவிடுங்கள், சூட்டில் ஓரம் கிளம்பி அதற்குள் எண்ணெய் இறங்கும்.

எல்லாம் முடிந்ததும் பெயின்டின் ஷேட் நம்பர், மைக்காவின் நம்பர், டைல் வாங்கிய இடம், கிரவுட் நிறம் எல்லாவற்றையும் ஒரு பேப்பரில் எழுதி மளிகை அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். டைலைப் பத்துக்கு ஒன்று கூடுதலாக வாங்கி லாஃப்ட்டில் ஏற்றுங்கள். என்றைக்காவது பிளம்பர் வந்து சுவரை உடைக்கத்தான் போகிறார்.