கரெண்ட் போனா ஹைட்ரோபோனிக்ஸ் செடிக்கு என்ன பேக்கப் வைக்கலாம்

வீட்டுக்குள்ள ஹைட்ரோபோனிக்ஸ், அதாவது மண்ணே இல்லாம சத்து கலந்த தண்ணில செடி வளக்கற முறை, வச்சிருக்கறவங்க பேக்கப்னு சொன்னதும் முதல்ல பாக்கறது செடிக்கு வெயிலுக்குப் பதிலா போடற குரோ லைட்டைத்தான். வாட் அதிகம், அதுக்கு ஏத்த இன்வெர்ட்டர் விலையைக் கேட்டுட்டு சரி அப்புறம் பாத்துக்கலாம்னு விட்டுடறாங்க. லைட்டுக்கு பேக்கப்பே வேணாங்க. லெட்யூஸோ பாலக்கோ புதினாவோ ஒரு நாள் இருட்டுல கிடந்தா சாகாது, வளர்ச்சி கொஞ்சம் தள்ளிப்போகும் அவ்வளவுதான், ஆனா வேருக்குப் போற தண்ணியும் காத்தும் நின்னுச்சுன்னா தாங்காது. பம்புக்கும் ஏர் பம்புக்கும் மட்டும் கணக்கு போடுங்க, செலவு பாதிக்கும் கீழ வந்துடும்.

எவ்வளவு நேரம் தாங்கும்ங்கறது உங்க சிஸ்டத்தைப் பொறுத்தது. என்எஃப்டி, அதாவது பைப்புக்குள்ள தண்ணி மெல்லிசா ஓடிட்டே இருக்கற முறைல, வேருக்கு அடியில ஓடறதே ரெண்டு மூணு மில்லிமீட்டர் தண்ணிதான், பம்ப் நின்னா அது வடிஞ்சிடும், நம்ம ஊர் ஏப்ரல் மே சூட்டுல ஃபேனும் ஓடாத ரூம்ல ஒரு மணி நேரத்துக்குள்ள தழை தொங்க ஆரம்பிச்சிடும். டிடபிள்யூசி, அதாவது ஏர் பம்ப் காத்து விடற தொட்டித் தண்ணில வேர் தொங்கற முறைல, வேர் தண்ணிக்குள்ளயே இருக்கு, அதனால பல மணி நேரம் தாக்குப்பிடிக்கும், ஆனா தண்ணி சூடாக ஆக அதுல கரையற ஆக்ஸிஜன் குறையும், 20 டிகிரில லிட்டருக்கு 9 மில்லிகிராம் இருக்கறது 30 டிகிரில ஏழரை கிட்ட வந்துடும், அதையும் வேர் இழுத்துட்டே இருக்கும். ரொம்ப நேரம் அப்படியே கிடந்தா வெள்ளை வெளேர்னு இருந்த வேர் பழுப்பாகி, தொட்டா வழவழன்னு உரிஞ்சு வரும், ஒரு நாத்தம் அடிக்கும், அது பித்தியம் அழுகல், அப்புறம் அந்தச் செடியைக் காப்பாத்தறது கஷ்டம். கிராட்கி முறைல வச்சிருந்தா, அதாவது பம்ப்பே இல்லாம தண்ணி இறங்க இறங்க வேர் காத்துல நிக்கற முறை, உங்களுக்கு இந்தக் கவலையே கிடையாது.

அடுத்து உங்க ஏரியால கரெண்ட் எப்படிப் போகுதுன்னு பாருங்க. பராமரிப்பு ஷட்டவுன்னா காலைல 9 மணிக்குப் போய் மதியம் 2 மணிக்கு வரும், சில ஊர்ல சாயங்காலம் 5 வரைக்கும் இழுக்கும், முன்னாடியே பேப்பர்ல போட்டுடுவாங்க. அதுக்கு 8 மணி நேரம் தாங்கற ஏற்பாடு போதும். 2016 டிசம்பர்ல வர்தா புயல் அடிச்சப்ப சென்னைல எத்தனையோ தெருவுல நாள் கணக்குல கரெண்ட் இல்ல, அது வேற கதை, கடைசில சொல்றேன்.

இப்ப கணக்கு. வீட்ல ஏற்கனவே இன்வெர்ட்டர் இருந்தா 12 வோல்ட் 150 ஏஎச் (ஆம்பியர் அவர், பேட்டரியோட கொள்ளளவு) டியூபுலர் பேட்டரியாத்தான் பெரும்பாலும் இருக்கும். 12ஐயும் 150ஐயும் பெருக்கினா 1800 வாட் அவர், ஆனா பாதிக்கு மேல இறக்காம இருந்தாத்தான் பேட்டரிக்கு ஆயுசு, அதனால 900னு வச்சுக்கோங்க. தண்ணி பம்ப் 25 வாட், ஏர் பம்ப் 8 வாட், இன்வெர்ட்டர்ல போற நஷ்டத்தையும் அது சும்மா இருந்தாலே தின்னுற கரெண்ட்டையும் சேத்து 55லேர்ந்து 60 வாட் பேட்டரிலேர்ந்து போகும், 15 மணி நேரம் ஓடும். இதோட 200 வாட் குரோ லைட்டையும் மாட்டுனீங்கன்னா 3 மணி நேரம் தாண்டாது.

சிக்கல் என்னன்னா அதே இன்வெர்ட்டர்லதான் வீட்டு ஃபேனும் ஓடுது. பழைய சீலிங் ஃபேன் ஒண்ணு 75 வாட், ரெண்டு ஓடினா 150, ராத்திரி எல்லாரும் தூங்கறப்ப பேட்டரி காலியாகி பம்ப் நின்னது காலைலதான் தெரியும். அந்த ஃபேனை கம்மி கரெண்ட்ல ஓடற பிஎல்டிசி ஃபேனா மாத்தினா 30 வாட்டுக்குள்ள வந்துடும், புது பேட்டரி வாங்கறதை விட இது எனக்கு நல்ல செலவாப் படுது. எலக்ட்ரீஷியன் கிட்ட சொல்லி பம்புக்குன்னு ஒரு 5 ஆம்பியர் சாக்கெட்டை மட்டும் இன்வெர்ட்டர் லைன்ல போடுங்க, குரோ லைட்டை நேரடி இபி லைன்லயே விட்டுடுங்க.

புதுசா வாங்கறதா இருந்தா, இபி கரெண்ட் மாதிரியே தர்ற சைன் வேவ் இன்வெர்ட்டரே வாங்குங்க. ஸ்கொயர் வேவ் விலை கம்மிதான், ஆனா அதுல சப்மெர்சிபிள் பம்ப் கொர்ருன்னு சத்தம் போட்டுட்டு சூடாகும், அந்தச் சூடும் தண்ணிக்குத்தான் போகும்.

பால்கனி பக்கத்துல ஒரு ரேக், ரெண்டு தொட்டின்னு சின்னதா வச்சிருக்கறவங்களுக்கு இன்வெர்ட்டரே தேவையில்ல, 12 வோல்ட் டிசி ஏர் பம்ப்பும் ஒரு சின்ன லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியும் அதுக்கான சார்ஜரும் போதும். 12.8 வோல்ட் 20 ஏஎச் பேட்டரின்னா 256 வாட் அவர், 10 வாட் பம்ப் 20 மணி நேரத்துக்கு மேல ஓடும், நடுவுல ஏசியா மாத்தற நஷ்டமே இல்ல. வைஃபை ரவுட்டருக்கு விக்கற 12 வோல்ட் மினி யுபிஎஸ் கூட சின்ன டிசி ஏர் பம்ப்பைத் தாங்கும், பம்ப்போட ஆம்பியர் அதுக்குள்ள அடங்குதான்னு மட்டும் பாத்துக்கோங்க. கம்ப்யூட்டர் யுபிஎஸ் வேணாம், 600 விஏ பொட்டிக்குள்ள இருக்கறது பெரும்பாலும் 7 ஏஎச் பேட்டரிதான், அது ஃபைலை சேவ் பண்ணி மூடறதுக்காக செஞ்சது. பெட்ரோல் ஜெனரேட்டரை எந்தக் காரணத்துக்கும் வீட்டுக்குள்ளயோ பால்கனிலயோ ஓட்டாதீங்க, கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாம ஆளைக் கொன்னுடும்.

பேக்கப் இருந்தாலும் இதையும் பாத்துடுங்க. ஏர் பம்ப் தண்ணி மட்டத்துக்குக் கீழ இருந்தா கரெண்ட் போனதும் டியூப் வழியா தண்ணி பின்னாடி ஏறி பம்ப்புக்குள்ள போயிடும், டியூப்ல ஒரு பக்கம் மட்டும் விடற செக் வால்வ் ஒண்ணு மாட்டுங்க, மீன் தொட்டி கடைல கிடைக்கும். என்எஃப்டில பைப்புல இருக்கற தண்ணி மொத்தமும் கீழ இருக்கற ரிசர்வாயருக்கு, அதாவது தண்ணித் தொட்டிக்கு, இறங்கும், அதுக்கு இடம் விட்டு நிரப்புங்க, இல்லன்னா ரூம் பூரா தண்ணி. முள் டைமர் கரெண்ட் போனா அப்படியே நின்னுடும், வந்ததும் நேரத்தை சரி பண்ணணும்.

புயல் மாதிரி நாள் கணக்குல போனா எந்த பேட்டரியும் முழுசா காப்பாத்தாது, கைதான். ஏர் பம்ப்பை விட்டு விட்டு ஓட்டுங்க, கால் மணி நேரம் ஓட்டி முக்கால் மணி நேரம் நிறுத்தினா பேட்டரி நாலு மடங்கு நேரம் வரும், ஆனா நிறுத்தற நேரத்துல இன்வெர்ட்டரையும் ஆஃப் பண்ணினாத்தான் இந்தக் கணக்கு சரி. பேட்டரி தீந்ததும் டிடபிள்யூசி தொட்டில ஒரு ஜக்கால தண்ணியை மொண்டு ஒரு அடி உயரத்துலேர்ந்து ஊத்துங்க, மணிக்கு ஒரு தடவை பத்து இருபது ஜக், காத்து கலந்துடும். என்எஃப்டின்னா வடியற ஓட்டையைப் பாதி உயரத்துக்கு துணி வச்சு அடைச்சு பைப்புல கொஞ்சம் தண்ணி நிக்க விடுங்க, அப்பப்ப மொண்டு ஊத்துங்க. புயல் எச்சரிக்கை வந்ததுமே ரெண்டு லிட்டர் பாட்டில்ல தண்ணி நிரப்பி ஃப்ரீசர்ல போட்டு வைங்க, அந்த ஐஸ் பாட்டிலை மூடியோட ரிசர்வாயர்ல இறக்கினா தண்ணி சூடு குறையும்.

எல்லாம் மாட்டினப்புறம் ஒரு ஞாயித்துக்கிழமை காலைல நீங்களே மெயின் சுவிட்சை ஆஃப் பண்ணி, பம்ப் உண்மையிலயே எத்தனை மணி நேரம் ஓடுதுன்னு பாதி பேட்டரி வரைக்கும் பாத்து எழுதி வைங்க. டியூபுலர் பேட்டரியா இருந்தா மாசத்துக்கு ஒரு தடவை தண்ணி மட்டம் காட்டற மிதவையைப் பாத்து டிஸ்டில்டு வாட்டர் ஊத்தணும், ஆர்ஓ தண்ணி ஊத்தாதீங்க.