பழைய பேரேட்டைக் கணினியில் ஏற்றும் முன்

காரைக்குடி, தேவகோட்டைச் செட்டியார் வீட்டுப் பெட்டகங்களில் ரங்கூன், கொழும்பு, பினாங்குக் கடைக் கணக்குகள் கட்டுக்கட்டாகக் கிடக்கின்றன. ஏற்ற உட்காருகிறவர்கள் ௹ குறியைப் பார்த்ததும் ₹ என்று அடித்துவிடுகிறார்கள். முதல் பிழை அதுதான். ₹ 2010-இல் வந்த இந்தியக் குறி. ௹ வெறும் ‘ரூபாய்’. எந்த ஊர் ரூபாய் என்று அது சொல்லாது. எனவே ஊர், ஆண்டு, பணம் மூன்றுக்கும் தனித்தனி நெடுவரிசை போடுங்கள்.

ஊர்ப் பெயர் கிழிந்துபோயிருந்தால் ரூபாய்க்கு அடுத்த கட்டத்தை மேலிருந்து கீழாக ஓட்டிப் பாருங்கள். ஒரு ரூபாய்க்கு 16 அணா, ஓர் அணாவுக்கு 12 பை. எனவே 15-ஐத் தாண்டி ஓர் எண் வந்தாலே அது அணா இல்லை, சதம் (ரூபாயில் நூறில் ஒன்று). பெரும்பாலும் இலங்கைக் கணக்கு. ‘வெள்ளி’ என்றிருந்தால் மலாயா டாலர். பர்மா 1937-இல் இந்தியாவிலிருந்து பிரிந்தது. அதற்கு முந்தைய ரங்கூன் ரூபாய் இந்திய ரூபாயேதான். தமிழ் வருடப் பெயர்கள் அறுபது ஆண்டுக்கு ஒருமுறை திரும்ப வரும்; ஆண்டு ‘ஈசுவர ௵’ (௵ என்றால் வருடம்) என்றிருந்தால் 1937-38, அல்லது அறுபது வருடம் முந்தி. மையையும் தாளையும் பார்த்தால் பெரும்பாலும் எதுவென்று தெரிந்துவிடும்.

12 ரூபாய் 8 அணாவை 12.8 என்று போடாதீர்கள், அது 12.50. அணாவை 12-ஆல் பெருக்கி, பையைக் கூட்டி, 192-ஆல் வகுக்க வேண்டும். 37 ரூபாய் 5 அணா 9 பை: 60+9=69; 69÷192=0.3594, ஆக 37.3594. இரண்டு தசமத்தோடு நிறுத்தினால் பக்கக் கூட்டுத்தொகை ஒத்துவராது. பை கட்டத்தில் 12 வந்தால் நீங்கள் தப்பாகப் படித்திருக்கிறீர்கள்.

௧௲௨௱௩௰௪ என்றால் 1234. ௲ தனியே நின்றால் ஆயிரம். பக்கத் தலையில் உள்ள பிள்ளையார் சுழியை ௨ என்று எண்ணித் தொகையில் சேர்க்கிறவர்களும் உண்டு! ௷ வரவு, ௶ பற்று, ௸ மேற்படி.

மலாயாத் துறைமுகங்களில் கடைவீதிப் பேச்சு மலாய், கோர்ட்டுக்கு ஆங்கிலம், கணக்கு தமிழ். பினாங்குக் கணக்குக் கட்டில் ஆங்கிலக் கடன் நோட்டு செருகியிருந்தால் அதிலுள்ள பெயரும் பேரேட்டுப் பெயரும் ஒன்று போல இருக்காது. இரண்டையும் உள்ளபடியே ஏற்றுங்கள், திருத்தாதீர்கள்.

1942–45 பக்கங்கள் தனித்தாளில் இருக்கட்டும். அப்போது மலாயாவைப் பிடித்திருந்த ஜப்பானியர் அச்சடித்த, வாழைமரப் படம் போட்ட பத்து வெள்ளியும் கணக்கில் ‘வெள்ளி’தான், போர் முடிந்ததும் அது செல்லாக் காசு.

௹ அடிக்க: வேர்டில் ஆல்ட் விசையை அழுத்தியபடி எண்பலகையில் 3065, ₹-க்கு 8377. குறிக்குப் பதில் வெறும் சதுரம் தெரிந்தால் எழுத்துருவை நிர்மலா யூஐ-க்கு மாற்றுங்கள்.