மனச்சிதைவுக்கு மருந்து தொடங்கும்போது சர்க்கரையைக் கண்காணிக்கும் முறை

சேலத்திலோ ஏற்காட்டு மலைக் கிராமங்களிலோ ஒரு வீட்டில் ஒருவருக்கு மனச்சிதைவு என்று மருத்துவர் சொல்லிவிட்டால், வீட்டாரின் கவனம் முழுவதும் காதில் கேட்கும் குரல்கள், சந்தேகம், தூக்கமின்மை ஆகியவற்றின் மீதே நின்றுவிடுகிறது. அது இயல்புதான். ஆனால் அன்றைக்கே சர்க்கரை அளவையும் பார்த்துவைக்க வேண்டும். மனச்சிதைவு உள்ளவர்களிடையே இரண்டாம் வகை நீரிழிவு மற்றவர்களைவிட ஏறத்தாழ இரண்டு முதல் மூன்று மடங்கு அதிகம். அதுவும் பல நேரங்களில் இளவயதிலேயே வந்துவிடுகிறது.

இதற்கெல்லாம் மாத்திரைதான் காரணம் என்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். அது பாதி உண்மை. மனச்சிதைவுக்கான மருந்துகளில் முதலாவதான குளோர்புரோமசின் 1952-இல்தான் சிகிச்சைக்கு வந்தது. இங்கிலாந்தின் மனநல மருத்துவர் ஹென்றி மாட்ஸ்லியோ, மனநோய் மிகுந்த குடும்பங்களில் நீரிழிவும் அடிக்கடி தென்படுகிறது என்று 1879-லேயே எழுதிவிட்டார். மருந்தே தொடாத, முதல்முறையாக நோய் வெளிப்பட்டவர்களைப் பரிசோதித்த ஆய்வுகளிலும் இன்சுலின் சரிவர வேலை செய்யாத நிலை மற்றவர்களைவிட அதிகமாகக் காணப்பட்டிருக்கிறது. நீடித்த மன நெருக்கடியில் கார்டிசால் என்னும் மன அழுத்த ஹார்மோனின் சுரப்பு கூடும்போது, கல்லீரல் இரத்தத்தில் சர்க்கரையை அதிகமாகக் கொட்டுகிறது, தசைகளும் இன்சுலினுக்கு எளிதில் இணங்குவதில்லை. இதோடு உடலில் மெல்லப் புகையும் அழற்சியும், இரு நோய்களுக்கும் பொதுவாகச் சில மரபணுக்களும் உள்ளன. நெதர்லாந்தில் 1944-45 குளிர்காலப் பஞ்சத்தின்போது தாயின் வயிற்றில் இருந்தவர்களிடம், வளர்ந்தபின் மனச்சிதைவும் சர்க்கரையைக் கையாளும் திறனில் குறைபாடும் கூடுதலாகக் காணப்பட்டன. ஆகவே குடும்பத்தில் யாருக்கெல்லாம் சர்க்கரை உண்டு என்ற கேள்வியை மனநல மருத்துவர் கேட்காவிட்டாலும், நீங்களாகவே சொல்லிவிடுவது நல்லது.

முதல் மாத்திரைக்கு முன் எடை, இடுப்புச் சுற்றளவு, இரத்த அழுத்தம், இரத்தச் சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றை அளந்து, தேதியுடன் எழுதிவையுங்கள். இடுப்புச் சுற்றளவை வேட்டியோ பாவாடையோ கட்டும் இடத்தில் அளக்கக் கூடாது. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே டேப்பை வைத்து, மூச்சை விட்டபின் அளக்க வேண்டும். நம் நாட்டு உடலமைப்புக்கு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் எல்லைக்கோடு. இரத்தச் சர்க்கரை வெறும் வயிற்றில் 100-க்குக் கீழே இருந்தால் சரி. 100 முதல் 125 வரை நீரிழிவுக்கு முந்தைய நிலை. 126-ஐத் தொட்டால், மறுமுறை பார்த்து உறுதி செய்ய வேண்டிய நீரிழிவு.

மலையில் இருப்பவர்களுக்கு இந்த வெறும் வயிறு என்பதே பெரிய தடை. நாகலூர், வெள்ளக்கடை பக்கத்திலிருந்து பேருந்து பிடித்து, கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கிச் சேலம் அரசு மருத்துவமனை வரிசையில் நிற்பதற்குள் முற்பகல் ஆகிவிடும்; ஏற்கெனவே கலங்கியிருக்கும் ஒருவரைப் பசியோடு அவ்வளவு நேரம் வைத்திருப்பது யாருக்கும் எளிதல்ல. இயன்றவரை அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே காலையில் பார்த்துவிடுங்கள். முடியாவிட்டால், மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனையைக் கேளுங்கள். அதற்குப் பட்டினி தேவையில்லை. 6.5 சதவீதமும் அதற்கு மேலும் நீரிழிவைக் குறிக்கும். ஆனால் இரும்புச்சத்துக் குறைவால் இரத்தசோகை உள்ளவர்களுக்கு இந்த எண் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும் என்பதால், ஹீமோகுளோபினையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தமக்குத் தீங்கு செய்யவே இரத்தம் எடுக்கிறார்கள் என்று நோயின் வேகத்தில் நினைப்பவர்கள் உண்டு. அவர்களைப் பிடித்து அழுத்தி ஊசி குத்தினால், அந்தச் சந்தேகத்துக்கு நாமே சாட்சி சொன்னது போலாகும். எதற்காக, எவ்வளவு இரத்தம் என்று முன்கூட்டியே சொல்லி, எல்லாப் பரிசோதனைகளையும் ஒரே ஊசியில் முடிக்கச் சொல்லுங்கள்.

மருந்துகள் அனைத்தும் ஒன்றல்ல. குளோசபினும் ஓலன்சபினும் எடையையும் சர்க்கரையையும் அதிகம் ஏற்றுபவை. குவிட்டியபின், ரிஸ்பெரிடோன் நடுத்தரம். அரிப்பிப்ரசோல், ஹாலோபெரிடால் குறைவு. இம்மருந்துகளில் பல, மூளையில் ஹிஸ்டமின், செரடோனின் ஆகிய வேதிப்பொருள்களின் செய்தியை வாங்கும் இடங்களான ஏற்பிகளைத் தடுப்பதால் வயிறு நிறைந்தாலும் நிறைந்த உணர்வு வருவதில்லை. ஓலன்சபின், குளோசபின் போன்றவை கணையத்தில் இன்சுலின் சுரப்பைத் தூண்டும் ஏற்பிகளையும் தடுக்கக்கூடும். எனவே எடை கூடாமலேகூடச் சர்க்கரை ஏறலாம். குளோசபின் கெட்ட மருந்து என்று இதற்குப் பொருளல்ல. வேறு மருந்துகளுக்கு அடங்காத நோயில் அதற்கு ஈடு இல்லை. சர்க்கரை ஏறுகிறது என்று வீட்டாரே மாத்திரையை நிறுத்திவிடுவதைத்தான் மிகவும் அஞ்ச வேண்டும். நோய் திரும்பினால் அவர் சர்க்கரை மாத்திரையையும் சேர்த்தே விட்டுவிடுவார்.

தொடங்கிய பின் நான்காம், எட்டாம், பன்னிரண்டாம் வாரங்களில் எடை பார்க்க வேண்டும். அதன்பின் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. சர்க்கரை, கொழுப்பு, இரத்த அழுத்தம் ஆகியவற்றைப் பன்னிரண்டாம் வாரத்திலும், பிறகு குறைந்தது ஆண்டுக்கு ஒருமுறையும் பார்க்க வேண்டும். தொடக்க எடையில் 5 சதவீதம், அதாவது 60 கிலோ உள்ளவருக்கு 3 கிலோ கூடினாலே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். மருந்தை மாற்றுவதா, மெட்ஃபார்மின் என்னும் சர்க்கரை மாத்திரையைச் சேர்ப்பதா என்று அவர் யோசிப்பார். எடை ஏற்றத்தின் பெரும்பகுதி முதல் சில மாதங்களிலேயே நடந்துவிடுவதால், அடுத்த முறை போகும்போது பார்க்கலாம் என்று தள்ளிப்போடுவதில் பயனில்லை.

உணவில் அறிவுரை சொல்வது சுலபம். இரவு மாத்திரை போட்டபின் வரும் பசி பேராசையால் வருவதல்ல, மருந்தால் வருவது; அதற்காக அவரைத் திட்டுவதால் ஒளித்துத் தின்னத்தான் கற்றுக்கொள்வார். வீட்டில் கைக்கு எட்டும் இடத்தில் என்ன இருக்கிறது என்பதை மாற்றுவதே வழி. சேலத்துக்காரர்களுக்கு ஜவ்வரிசியும் மரவள்ளிக்கிழங்கும் அன்றாடப் பண்டங்கள், ஆனால் இரண்டுமே பெரும்பாலும் மாவுச்சத்து. ஜவ்வரிசிப் பாயசமும் கிழங்கும் எப்போதாவது என்று வைத்துக்கொள்ளுங்கள். மாம்பழப் பருவத்தில் முழுப் பழத்தைக் கையில் கொடுக்காமல், சாப்பாட்டோடு சேர்க்காமல் இரண்டு துண்டு கொடுக்கலாம். மாலையில் தட்டுவடை செட்டுக்குப் பதில் சுண்டல் நன்று. மலையில் சாமை, ராகி கிடைக்கிறது. ஆனால் சிறுதானியம் என்பதற்காக அளவின்றிச் சாப்பிட்டால் அதுவும் சர்க்கரையை ஏற்றும்.

தாகத்தைத் தவறாகப் புரிந்துகொள்வது அடிக்கடி நடக்கிறது. கை நடுக்கத்துக்காகக் கொடுக்கும் டிரைஹெக்சிபெனிடில் வாயை உலர்த்தும், மனச்சிதைவில் சிலர் காரணமின்றிக் குடம் குடமாகத் தண்ணீர் குடிப்பார்கள், நீரிழிவிலும் தாகம்தான். பார்த்த மாத்திரத்தில் மூன்றையும் பிரித்தறிய முடியாது, அதனால் தாகம் கூடினால் அன்றே சர்க்கரை பாருங்கள். வறண்ட வாய்க்குச் சோடாவும் குளிர்பானமும் வேண்டாம்.

மனநலப் பிரிவுக்கு ஒரு சீட்டு, சர்க்கரைக்கு வேறு சீட்டு என்று போவதால் ஒரு மருத்துவர் எழுதியது மற்றவருக்குத் தெரியாமல் போகிறது. இரண்டையும் ஒரே நோட்டில் ஒட்டி, எங்கு போனாலும் எடுத்துச் செல்லுங்கள். மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கு வந்து சர்க்கரை மாத்திரை தருபவரிடமும் அந்த நோட்டைக் காட்டுங்கள். மனநலம் குறித்த ஐயங்களுக்கு அரசின் தொலைபேசி உதவிச் சேவையான டெலி மானஸ் 14416 எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

இரண்டு நிலைகளில் காத்திருக்கக் கூடாது. முதலாவது, மருந்து தொடங்கிய முதல் மாதங்களில் வாந்தி, வயிற்றுவலி, வேகமான ஆழ்ந்த மூச்சு, அளவற்ற சிறுநீர், மயக்கம் ஆகியவை சேர்ந்து வந்தால் அது இரத்தத்தில் கீட்டோன் என்னும் அமிலம் மிகும் ஆபத்தான நிலையாக இருக்கலாம், 108-ஐ அழையுங்கள். இரண்டாவது, இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர் திடீரென உளறினாலோ, வியர்த்து நடுங்கிக் கோபப்பட்டாலோ, பழைய நோய் திரும்பிவிட்டது என்று முடிவு செய்வதற்கு முன் சர்க்கரையைப் பார்க்க வேண்டும். 70-க்குக் கீழே இருந்தால், அல்லது பார்க்க வழியே இல்லை என்றால், மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. அப்போதும் 108 தான். தெளிந்தபின் நேரத்தையும் அளவையும் கடைசியாகச் சாப்பிட்டது எப்போது என்பதையும் நோட்டில் எழுதி, மறுநாளே சர்க்கரை மருத்துவரிடம் காட்டுங்கள்.